மலையின் பிள்ளை மலையிலேயே படிக்கட்டும்

(ஏற்காட்டில் ஆசிரியர்களும் பெற்றோரும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஏற்காடு என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஏரியும் காபித் தோட்டமும் குளிரும்தான் நினைவுக்கு வரும். கல்வியோடு தொடர்புடையவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். இது பள்ளிக்கூடங்களின் மலை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இங்கே கன்னியர் மடத்துப் பள்ளி தொடங்கிவிட்டது. 1917-இல் மான்ட்போர்ட் பள்ளி வந்தது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, எங்கெங்கோ பிறந்த பிள்ளைகள் படிப்பதற்காக இந்த மலைக்கு ஏறி வருகிறார்கள். நல்ல காற்று, நல்ல ஆசிரியர், அமைதியான சூழல் என்று பெற்றோர் தேடிவந்து சேர்க்கிறார்கள். இது இந்த மலைக்குப் பெருமை. அந்தப் பெருமையை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை.

ஆனால் இதே மலைப்பாதையில் எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடக்கிறது. சேர்வராயன் மலையில் பிறந்த ஒரு பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்றால், கண் தெரியவில்லை என்றால், அறிவு வளர்ச்சி தாமதப்பட்டிருக்கிறது என்றால், அந்தப் பிள்ளை படிப்பதற்கு மலையை விட்டு இறங்க வேண்டும் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். ஆறு வயதில் தாயைப் பிரிந்து, தெரியாத ஊரில், விடுதியில் சேர வேண்டும். அதற்கு மனமோ வசதியோ இல்லாத வீட்டில் பிள்ளை திண்ணையிலேயே வளர்கிறது. ஊரார் பிள்ளைகள் படிக்க ஏறி வரும் மலையில், மலையின் பிள்ளை படிக்க இடமில்லாமல் நிற்கிறது. இதை மாற்ற முடியும், மாற்ற வேண்டும், மாற்றுவதற்கான சட்டமும் ஏற்பாடும் ஏற்கெனவே நம் கையில் இருக்கின்றன. இதைச் சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

தனிப்பள்ளியிலிருந்து பொதுப்பள்ளிக்கு

மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளின் கல்வி வரலாறு தனிப்பள்ளிகளில் தொடங்கியது. மான்ட்போர்ட் பள்ளியைத் தொடங்கிய புனித கபிரியேல் சகோதரர் சபைக்கும் அந்த வரலாற்றில் இடம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டு பிரான்சில் அந்தச் சபையை வளர்த்தெடுத்த அருட்தந்தை கபிரியேல் தெஷாயே காது கேளாத குழந்தைகளின் கல்வியில் தனி அக்கறை கொண்டவர். அவருடைய சபையினர் அந்நாட்டில் காது கேளாதோருக்கென்றே பள்ளிகள் நடத்தினார்கள். நம் தமிழகத்திலும் 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் சுவைன்சன் காது கேளாத குழந்தைகளுக்கும், ஆனி ஆஸ்க்வித் பார்வையற்ற குழந்தைகளுக்கும் கற்பிக்கத் தொடங்கிவிட்டார்கள். வேறெந்தக் கதவும் திறக்காத காலத்தில் அந்தப் பள்ளிகள் திறந்தன. அங்கே படித்து ஆசிரியரானவர்கள், அலுவலரானவர்கள், இசைவாணரானவர்கள் ஏராளம். அந்தப் பள்ளிகளுக்கு நாம் என்றும் நன்றிக்கடன் பட்டவர்கள்.

ஆனாலும் தனிப்பள்ளிகள் எண்ணிக்கையில் குறைவு. அவை நகரங்களில் இருக்கின்றன. கிராமத்துப் பிள்ளை அங்கே போய்ச் சேர வேண்டுமானால் வீட்டையும் ஊரையும் விட்டாக வேண்டும். இதையெல்லாம் யோசித்துத்தான் 1974-இல் மத்திய அரசு, மாற்றுத்திறன் குழந்தைகளைப் பொதுப்பள்ளியில் சேர்க்கும் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் அந்த அணுகுமுறையில், பள்ளிக்கு ஏற்றபடி குழந்தை தன்னைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. படியேற முடிந்தால், கரும்பலகையைப் பார்க்க முடிந்தால், மற்றவர்களோடு ஒட்டி ஓட முடிந்தால் இடம் உண்டு. முடியாவிட்டால் வேறு இடம் பார்க்கச் சொன்னார்கள்.

உலகின் பார்வை மெல்ல மாறியது. இத்தாலி 1977-இல் 517-ஆம் எண் சட்டத்தின் மூலம், மாற்றுத்திறன் குழந்தைகளைத் தனி வகுப்புகளில் ஒதுக்கிவைக்கும் முறையை ஒழித்துப் பொது வகுப்புகளைத் திறந்துவிட்டது. 1994-இல் ஸ்பெயின் நாட்டின் சலமாங்கா நகரில் 92 அரசுகளும் 25 பன்னாட்டு அமைப்புகளும் கூடி, எல்லாக் குழந்தைகளையும் பொதுப்பள்ளி ஏற்க வேண்டும், அதற்கேற்பப் பள்ளிதான் மாற வேண்டும் என்று அறிவித்தன. 2006 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றது. அதன் 24-ஆம் பிரிவு, உள்ளடங்கிய கல்வியை ஒவ்வொரு குழந்தையின் உரிமையாக வைத்தது. 2007 அக்டோபரில் இந்தியா அதற்கு ஒப்புதல் அளித்தது. அந்த ஒப்புதலின் வழியாகத்தான் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நமக்குக் கிடைத்தது.

அந்தச் சட்டத்தில் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டம் 7 வகைக் குறைபாடுகளைத்தான் கணக்கில் எடுத்தது. புதிய சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. கற்றல் குறைபாடு அதில் உண்டு, புற உலகச் சிந்தனையற்ற நிலை என்று சொல்லப்படும் ஆட்டிசம் உண்டு. நாட்டின் பல பகுதிகளில் பழங்குடி மக்களை அதிகம் பாதிக்கும் அரிவாள் செல் சோகையும் உண்டு. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. அது வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைக் குழந்தையின் தரப்பே தேர்ந்தெடுக்கலாம். தேர்வு நம்முடையது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அருகிலுள்ள பள்ளி தயாராக இல்லாத இடத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் குழந்தையைக் கண்டறிய வேண்டும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். மொத்த மக்களில் 2.21 விழுக்காடு. யுனிசெப் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி உலகில் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் ஏறத்தாழ 24 கோடி. 10 குழந்தைகளுக்கு ஒருவர். இந்த இரண்டு கணக்குகளுக்கும் இடையே ஏன் இவ்வளவு தூரம்? வயதும் வரையறையும் வேறுபடுகின்றன என்பது ஒரு காரணம். கேள்வி கேட்கும் விதம் இன்னொரு பெரிய காரணம்.

ஒரு மலைக்கிராமத்து வீட்டு வாசலில் நின்று, "உங்கள் வீட்டில் ஊனமுற்றவர் யாராவது உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். "அப்படி யாரும் இல்லீங்க" என்றுதான் அந்தத் தாய் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. தன் பிள்ளையை அந்தப் பெயரால் அவர் நினைத்ததே இல்லை. அதே தாயிடம், "பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பையன் திரும்பிப் பார்க்கிறானா? பொழுது சாய்ந்ததும் பாப்பா தட்டுத் தடுமாறுகிறாளா? தன் வயதுப் பிள்ளைகளைப் போல் பேசுகிறாளா? சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறானா?" என்று கேளுங்கள். அப்போது பதில் வரும். ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001 முதல் இயங்கும் வாஷிங்டன் குழு உலகம் முழுவதற்கும் பரிந்துரைத்திருப்பது இந்த வழியைத்தான். குறைபாட்டின் பெயரைச் சொல்லிக் கேட்காமல், பார்ப்பதிலும் கேட்பதிலும் நடப்பதிலும் புரிந்துகொள்வதிலும் எவ்வளவு சிரமம் இருக்கிறது என்று கேட்பது.

காலத்தோடு கண்டறிவது ஏன் இவ்வளவு முக்கியம்? காது கேளாத குழந்தையை எடுத்துக்கொள்வோம். மொழி பதியும் வயது முதல் சில ஆண்டுகள்தான். அந்த ஆண்டுகளில் காதால் பேச்சோ, கையால் சைகை மொழியோ, ஏதாவது ஒரு மொழி அந்தக் குழந்தைக்குக் கிடைத்தாக வேண்டும். தமிழக அரசின் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் செலவில்லாமல் கிடைக்கிறது. நகரத்துக் குழந்தைக்கு ஒன்றரை வயதிலேயே இது தெரிந்துவிடலாம். மலைக்கிராமத்தில், "கொஞ்சம் மெதுவாத்தான் பேசுவான், அவங்க தாத்தாவும் அப்படித்தான்" என்று சொல்லிச் சொல்லியே ஐந்து வயது கடந்துவிடும். முதல் வகுப்பில் ஆசிரியர் கவனித்துச் சொல்வதற்குள் வாசல் மூடிவிடும்.

இதற்கான ஏற்பாடு இல்லாமல் இல்லை. 2013 முதல் நடக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் நேரில் சென்று, பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். குறை தெரிந்தால் மாவட்ட அளவிலான தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். குழு வரும் நாளில் அங்கன்வாடிக்கு வராத குழந்தைதான் பெரும்பாலும் பரிசோதிக்கப்பட வேண்டிய குழந்தை. ஆகவே அன்றைக்கு அந்தக் குழந்தையை வீடு தேடிப் போய் அழைத்துவர வேண்டும். சில கிலோமீட்டர் நடந்துபோய்த் தேட வேண்டிய ஊர்களும் இந்த மலையில் உண்டு என்பது எனக்குத் தெரியும். மருத்துவக் குழு காரில் வந்து திரும்பிவிடும். தேடிப் போய் அழைத்துவரும் வேலையை ஊர்தான் செய்ய வேண்டும்.

காக்ளியர் கருவி பொருத்திவிட்டாலும் குழந்தை மறுநாளே பேசிவிடாது. அதன்பின் மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி தேவை. ஒவ்வொரு பயிற்சிக்கும் தாய் ஒரு நாள் கூலியை விட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வளைந்து வளைந்து இறங்கும் பேருந்தில் சேலம் போய்த் திரும்ப வேண்டும். நான்கு முறை போவார், ஐந்தாம் முறை நின்றுவிடுவார். அந்தத் தாயைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. பயிற்சி மலையேறி வரவில்லை என்பதுதான் குறை.

தொலைவும் சரிவும்

கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் தொடக்கப்பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்கின்றன. சமவெளியில் 1 கிலோமீட்டர் என்பது கால் மணி நேர நடை. இந்த மலையில் அது ஒரு பள்ளத்தில் இறங்கி மறுபக்கம் ஏறுவது. மழைக்காலத்தில் வழுக்கும் கற்கள், காலையில் கை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி. நல்ல கால் உள்ள பிள்ளையே விழுந்து எழுந்துதான் போகிறது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குச் சக்கர நாற்காலி கொடுத்துவிட்டுப் போகிறோம். அது வீட்டு வாசல் வரைதான் ஓடும். அதன்பின் ஒரு மூலையில் நின்று துருப்பிடிக்கும்.

பள்ளிக்குள் சாய்தளம் கட்டுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம். மூன்றடி மேட்டில் நிற்கும் வகுப்பறைக்கு 36 அடிச் சாய்தளம் வேண்டும், இடையில் நின்று இளைப்பாறச் சமதளம் வேண்டும், இருபுறமும் கைப்பிடி வேண்டும். மலைப் பள்ளியில் அவ்வளவு நீளத்துக்கு இடம் இருக்காது என்று செங்குத்தாக ஒரு சிமெண்டுப் பலகையைப் போட்டு, சாய்தளம் கட்டியாயிற்று என்று கணக்கெழுதுவதுண்டு. அதில் எந்த நாற்காலியும் ஏறாது. இடமில்லை என்றால் மடித்துத் திருப்பிக் கட்டலாம். அதைவிட எளிதான வழி, அந்தப் பிள்ளையின் வகுப்பையே தரையோடு ஒட்டிய அறைக்கு மாற்றிவிடுவது. அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. கழிப்பறைக்கும் இதே யோசனை வேண்டும். கழிப்பறைக்குப் போக முடியாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண் பிள்ளைகள் எத்தனையோ பேர். வளர்ந்ததும் அவர்கள் பள்ளியை விட்டு நிற்பதற்கு அதுவே காரணமாகிறது.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பயணப்படி உண்டு, துணைக்கு வருபவருக்குப் படி உண்டு, மாற்றுத்திறன் கொண்ட பெண் குழந்தைக்கு மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதத்துக்கு ஊக்கத்தொகை உண்டு. தொகை சிறியதுதான். ஆனாலும் நம் ஊரிலேயே ஒருவரை நியமித்து, இரண்டு மூன்று பிள்ளைகளைச் சேர்த்து அழைத்துப்போக அது உதவும்.

தொலைவும் சரிவும் மட்டும் தடையல்ல, வேலைப் பருவமும் ஒரு தடை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை காபிப் பழம் பறிக்கும் காலம். விடிந்ததும் பெற்றோர் தோட்டத்துக்குப் போகிறார்கள். வீட்டிலிருக்கும் மாற்றுத்திறன் பிள்ளையை யார் பார்ப்பது? அக்காள் பார்ப்பாள். பத்து வயதுச் சிறுமி தன் படிப்பை நிறுத்திவிட்டுத் தம்பிக்குக் காவல் இருப்பாள். ஒரு பிள்ளையைப் பள்ளி வெளியே நிறுத்தினால் அந்த வீட்டின் இரண்டு பிள்ளைகள் படிப்பை இழக்கிறார்கள். தம்பியைப் பள்ளிக்குள் கொண்டுவந்தால் அக்காளும் உடன் வருவாள். இந்தக் கணக்கை எந்த அரசுப் பதிவேட்டிலும் நான் பார்த்ததில்லை. ஆனால் இந்த அவையிலுள்ள ஆசிரியர்களுக்கு இது தெரியும்.

2012-இல் கல்வி உரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, கடுமையான குறைபாடும் பல்வகைக் குறைபாடும் உள்ள குழந்தைகள் விரும்பினால் வீட்டிலிருந்தபடியே கற்கும் உரிமையும் சேர்க்கப்பட்டது. படுக்கையை விட்டு எழ முடியாத குழந்தைக்கு இது வரம். ஆனால் பள்ளிக்கு வரக்கூடிய பிள்ளையையும் வீட்டு வழிக் கல்வி என்று எழுதி வீட்டோடு நிறுத்திவிட்டால், அது சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது. மாதத்தில் ஓரிரு நாள் பயிற்றுநர் வந்து போவதைப் படிப்பு என்று நம் பிள்ளைகளில் யாருக்காவது ஒப்புக்கொள்வோமா?

சிறிய பள்ளியின் பெரிய வசதி

இங்கே நான் சொல்லப்போவது பலருக்கு வியப்பாக இருக்கலாம். உள்ளடங்கிய கல்விக்கு மலைக்கிராமத்து ஈராசிரியர் பள்ளி மிகவும் பொருத்தமான இடம்.

இத்தாலியின் 1977-ஆம் ஆண்டுச் சட்டம், மாற்றுத்திறன் குழந்தை இருக்கும் வகுப்பில் 20 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. அந்த நாடு சட்டம் போட்டுப் பெற்ற வசதி நம் சிற்றூர்ப் பள்ளிகளுக்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது. ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் வீடும் தெரியும், அப்பா பெயரும் தெரியும். ஐந்து வகுப்பையும் இரண்டு ஆசிரியர் நடத்துவதால், ஒரே அறையில் வெவ்வேறு நிலையில் உள்ள பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் கற்பிக்க அவர்கள் ஏற்கெனவே பழகியவர்கள். தமிழகத்தின் செயல்வழிக் கற்றலில் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஏணிப்படியில் தன் வேகத்தில் ஏறியது. இப்போதைய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலையை வைத்துப் பிரிக்கிறோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருந்தால் யாரும் சிரிப்பதில்லை. உள்ளடங்கிய வகுப்பறையின் அடிப்படையும் இதுதான். எல்லோரும் ஒரே கூரையின் கீழ், அவரவர் நிலையில், அவரவர்க்குரிய வழியில் கற்பது.

இந்த முறைகளின் வேரைத் தேடினால் இன்னொரு உண்மையும் கிடைக்கும். மரியா மாண்டிசோரி அம்மையார் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நம் கொடைக்கானல் மலையில் தங்கிப் பணியாற்றியவர். தொட்டுணர்ந்து கற்கும் அவருடைய கருவிகள் முதலில் யாருக்காக உருவாயின தெரியுமா? ரோம் நகரில், அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்காக. அவர்களோடு வேலை செய்து பெற்ற அனுபவத்தைத்தான் அவர் பிறகு எல்லாக் குழந்தைகளுக்கும் விரித்தார். இன்று வசதியான வீட்டுப் பிள்ளைகள் கட்டணம் கட்டிக் கற்கும் முறை, மாற்றுத்திறன் குழந்தைகள் உலகுக்குக் கொடுத்த கொடை. "இந்தப் பிள்ளையைச் சேர்த்தால் மற்ற பிள்ளைகளின் படிப்பு கெடும்" என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான். மெதுவாகக் கற்கும் பிள்ளைக்காக ஆசிரியர் தெளிவாகச் சொல்லிக்கொடுத்தால், அந்தத் தெளிவு வகுப்பு முழுவதற்கும் பயன்படும்.

வகுப்பறையில் செய்ய வேண்டியவை பெரும்பாலும் சின்னச் சின்ன ஏற்பாடுகள். குறைப்பார்வை உள்ள பிள்ளையை வெளிச்சம் வரும் பக்கம் உட்கார வையுங்கள். மூடுபனி நாளில் பகலிலும் விளக்கைப் போடுங்கள். பலகையில் எழுதுவதை வாயால் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். செவித்துணைக் கருவி போட்ட பிள்ளை இருந்தால் பலகையைப் பார்த்துத் திரும்பி நின்று பேசாதீர்கள், அந்தப் பிள்ளைக்கு உங்கள் முகம் தெரிய வேண்டும். இந்த மலையின் ஈரம் அந்தக் கருவிக்குப் பகை. இரவில் ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட, இறுக்கமாக மூடிய டப்பாவில் அதை வைக்கச் சொல்லி வீட்டாருக்குக் கற்றுக்கொடுங்கள். எழுத்துகள் குழம்பும் பிள்ளைக்கு விரலால் மணலில் எழுதிப் பழக நேரம் கொடுங்கள், அவன் வாயால் சொல்லும் விடைக்கும் மதிப்பெண் போடுங்கள். அடிக்கடி உடல்நலம் குன்றி விடுப்பெடுக்கும் பிள்ளைக்கு விட்டுப்போன பாடத்தைத் தோழன் மூலம் வீட்டுக்கு அனுப்புங்கள். அரசின் உதவித்தொகைக்குச் சான்றிதழ் வேண்டும், தேசிய அடையாள அட்டை வேண்டும். ஒரு பிள்ளையை முன்வரிசையில் உட்கார வைப்பதற்கு எந்தச் சான்றிதழும் வேண்டாம்.

சிறப்புப் பயிற்றுநர் என்னும் தூண்

பொது ஆசிரியர் மட்டும் இதையெல்லாம் தனியாகச் செய்துவிட முடியாது. பிரெயில் கற்பிக்கவும், சைகை மொழி பழக்கவும், ஆட்டிசம் உள்ள பிள்ளையின் நாளை ஒழுங்குபடுத்தவும் அதற்கென்று படித்தவர் வேண்டும். தமிழகத்தில் அந்த வேலையைச் செய்பவர்கள் வட்டார வள மையங்களில் உள்ள சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும். ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் உழைப்பவர்கள் அவர்கள். பள்ளி பள்ளியாக, வீடு வீடாக அலைய வேண்டிய வேலை. மலை ஒன்றியத்தில் ஒரு வீட்டுக்குப் போய் வருவதற்கே ஒரு நாள் போய்விடும்.

2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. தொடக்கநிலையில் 10 மாற்றுத்திறன் மாணவருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும். 2025 மார்ச்சில் மாநிலங்கள் பணியிடங்களை அறிவித்து நிரப்ப வேண்டும் என்று மீண்டும் உத்தரவிட்டது. மலைப் பகுதிக்கு இந்த விகிதத்தைத் தலைக்கணக்கில் மட்டும் பார்த்தால் போதாது. சமவெளியில் 10 பிள்ளைகள் இரண்டு பள்ளிகளில் இருப்பார்கள். இங்கே ஆளுக்கொரு குன்றில் இருப்பார்கள். ஆகவே மலை ஒன்றியங்களுக்குக் கூடுதல் பயிற்றுநர்களும், அவர்களுக்குப் பயணச் செலவும், இங்கேயே தங்கிப் பணியாற்றுவதற்கு ஊக்கமும் வேண்டும். இந்த மலையில் பிறந்து பிளஸ் டூ முடித்த பழங்குடிப் பெண்களையும் இளைஞர்களையும் சிறப்புக் கல்விப் பட்டயப் படிப்புக்கு அனுப்பினால், நாளை இந்த ஊர்களுக்கு நிரந்தரமான பயிற்றுநர்கள் கிடைப்பார்கள்.

உலகம் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. மருத்துவமனையைத் தேடி மக்கள் வர வேண்டும் என்பதை மாற்றி, சமூகத்துக்குள்ளேயே மறுவாழ்வுப் பயிற்சியைக் கொண்டுசெல்லும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1978-ஆம் ஆண்டு அல்மா ஆட்டா அறிக்கைக்குப் பிறகு வளர்த்தெடுத்தது. அதற்கான கையேட்டை உருவாக்கியவர்களில் ஒருவர் நம் அண்டை நாடான இலங்கையைச் சேர்ந்த இயன்முறை வல்லுநர் பத்மனி மெண்டிஸ். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர்சேவா சங்கம், ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துக் குழந்தைகளின் வீட்டுக்கே சிகிச்சையைக் கொண்டுபோய்க் காட்டியது. கழுத்துக்குக் கீழ் உடல் செயலிழந்த ஒருவர் கிராமத்தில் இருந்துகொண்டு இதைச் செய்திருக்கிறார். உலக வங்கி உதவியோடு தமிழக அரசு நடத்தும் உரிமைகள் திட்டமும், அதன் 'விழுதுகள்' மையங்களும் இதே திசையில்தான் போகின்றன. அந்த விழுதுகள் சேர்வராயன் மலையின் கடைசி ஊர் வரை இறங்க வேண்டும்.

சிறப்புப் பள்ளி வேண்டாமா?

சிறப்புப் பள்ளிகளை மூடச் சொல்கிறேனா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. குறிப்பாகக் காது கேளாத குழந்தைக்குத் தன் மொழி பேசும் தோழர்கள் வேண்டும். சைகை மொழி தெரியாத நாற்பது பேருக்கு நடுவே தனியாக ஒரு குழந்தையை உட்கார வைப்பதைக் கல்வி என்று சொல்ல முடியாது. ஐ.நா. உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவே சைகை மொழியையும் காது கேளாதோர் சமூகத்தின் மொழி அடையாளத்தையும் போற்றி வளர்க்கச் சொல்கிறது. 1880-இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, பேச்சு முறையே உயர்ந்தது என்று தீர்மானித்துச் சைகை மொழியை வகுப்பறையிலிருந்து விரட்டியது. அந்தத் தவற்றால் பல தலைமுறைகள் பாதிக்கப்பட்டன. அதை நாம் பொதுப்பள்ளியின் பெயரால் மறுபடியும் செய்துவிடக் கூடாது. ஆகவே சிறப்புப் பள்ளிகள் இருக்கட்டும். தங்கள் அனுபவத்தையும் ஆசிரியர்களையும் கருவிகளையும் பொதுப்பள்ளிகளோடு பகிர்ந்துகொள்ளட்டும். சிறப்புப் பள்ளிக்குப் போகும் பிள்ளை விரும்பிப் போக வேண்டும். வேறு வழியில்லாமல் போகக் கூடாது.

யுனெஸ்கோ நிறுவனம் 2019-இல் வெளியிட்ட இந்தியக் கல்வி அறிக்கை, 5 முதல் 19 வயது வரையுள்ள மாற்றுத்திறன் குழந்தைகளில் நான்கில் ஒரு பங்கினர் எந்தக் கல்வி நிலையத்திலும் இல்லை என்றது. 5 வயது மாற்றுத்திறன் குழந்தைகளில் நான்கில் மூன்று பங்கினர் பள்ளியில் இல்லை. பொதுப்பள்ளியா சிறப்புப் பள்ளியா என்ற விவாதத்தில் நாம் இருக்கும்போது, இரண்டிலும் இல்லாமல் வீட்டில் கிடக்கும் இந்தப் பிள்ளைகள் நம் கண்ணில் படுவதில்லை.

உங்களிடம் என் வேண்டுகோள்

பள்ளி மேலாண்மைக் குழுவினரே, உங்கள் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு உரிய இடம் வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டம். 2012 திருத்தத்துக்குப் பின் மாற்றுத்திறன் குழந்தைகளும் அந்த நலிந்த பிரிவில் அடக்கம். அவர்களுடைய தாய் ஒருவர் உங்கள் குழுவில் இருக்கிறாரா என்று அடுத்த கூட்டத்திலேயே பாருங்கள். இல்லையென்றால் அழைத்து வந்து உட்கார வையுங்கள்.

ஊராட்சிப் பொறுப்பாளர்களே, ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பிலும் மாற்றுத்திறனாளி ஒருவர் நியமன உறுப்பினராக இடம்பெறத் தமிழகச் சட்டமன்றம் 2025-இல் சட்டம் இயற்றியிருக்கிறது. வாழவந்தி, நாகலூர், செம்மநத்தம், மாரமங்கலம் என்று இந்த ஒன்றியத்தின் எந்த ஊராட்சியிலும் அந்த உறுப்பினரின் குரல் கிராம சபையில் கேட்கட்டும். பிறந்தது முதல் 18 வயது வரை பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வராத குழந்தைகளின் பட்டியலை ஒவ்வொரு கிராம சபையிலும் வாசியுங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடத்த வேண்டும் என்கிறது 2016 சட்டம். நம் சிற்றூருக்கு அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை.

தோட்ட உரிமையாளர்களே, பழம் பறிக்கும் பருவத்தில் சிகிச்சைக்காகப் பிள்ளையைச் சேலம் அழைத்துச் செல்லும் தாய்க்கு அன்றைய கூலியைக் கொடுங்கள். உங்களுக்கு அது சிறு தொகை. அந்தப் பிள்ளைக்கு அதுதான் பேச்சு. இந்த மலையின் புகழ்பெற்ற பள்ளிகளை நடத்துவோரே, அரசு அங்கீகாரம் பெற்ற எல்லாப் பள்ளிகளிலும் உள்ளடங்கிய கல்வி நடக்க வேண்டும் என்பது 2016 சட்டத்தின் 16-ஆம் பிரிவு. உங்கள் வகுப்பறைகளையும் மைதானங்களையும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களையும் சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடுங்கள். ஏழைப் பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் கற்பிக்கப் புறப்பட்டவர்களின் வழியில் வந்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள்.

தாய்மார்களே, கடைசியாக உங்களிடம். உங்கள் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள். "இவனை இங்கே சேர்க்க முடியாது" என்று எந்தப் பள்ளியும் சொல்லக் கூடாது. சொன்னால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள், வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொண்டுபோங்கள், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் கொண்டுபோங்கள். நீங்கள் கேட்பது சலுகையோ தயவோ அல்ல. இந்த நாட்டின் சட்டம் உங்கள் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த உரிமை. வரும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில், இந்த மலையின் ஒவ்வொரு பள்ளியும் தன் ஊரிலுள்ள மாற்றுத்திறன் குழந்தைகள் அத்தனை பேரின் பெயரையும் வருகைப் பதிவேட்டில் எழுதட்டும். அதற்கான வேலையை இன்றே தொடங்குவோம்.